பாத்திரம் அறிந்தும் இடும் கை
வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கென்று வந்த கடிதங்களில் மூன்று, தகுதியில்லாதவர் தேவனுடைய கிருபையை எப்படி ஏற்பது என்ற ஒரே முடிச்சைச் சுற்றி நின்றதால், மற்றவற்றை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை. முதல் கடிதத்துக்கு எழுதிய பதில் நீண்டுவிட்டது. சுருக்க மனம் வரவில்லை.

கேள்வி: போதகர் ஐயா அவர்களுக்கு, எனக்கு 46 வயது. 11 ஆண்டுகளாக நான் திருவிருந்தில், சபையாக அப்பம் பிட்டுப் புசிக்கும் அந்தப் பந்தியில், பங்குபெறவில்லை. என் தாயார் நோயுற்றுக் கிடந்த கடைசி மாதங்களில், சொத்துப் பிரிவினையில் தங்கையோடு ஏற்பட்ட மனத்தாங்கலைக் காரணம் காட்டி நான் அவரைப் பார்க்கப் போகவில்லை. இரண்டு முறை ஆள் அனுப்பி அழைத்தார். “அவள் அங்கே இருக்கும்வரை வரமாட்டேன்” என்று சொல்லி அனுப்பினேன். மூன்றாவது முறை மரணச் செய்திதான் வந்தது. இதைத் தேவனிடம் எத்தனையோ முறை அறிக்கையிட்டுவிட்டேன். கணவரும் சபையாரும், “அவர் மன்னித்துவிட்டார், கிருபையை ஏற்றுக்கொள்” என்கிறார்கள். மன்னிக்க வேண்டியவர் கல்லறையில் இருக்க, எனக்குத் தகுதியே இல்லாத ஒன்றைக் கைநீட்டி வாங்குவது திருட்டைப்போல் இருக்கிறது. அபாத்திரமாய்ப் புசிக்கிறவன் தனக்கு ஆக்கினைத்தீர்ப்பை வருவித்துக்கொள்கிறான் என்று பவுல் எழுதியிருப்பதும் என்னைத் தடுக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்களுக்குத் தகுதி இருக்கிறது என்று சொல்லி உங்களைத் தேற்ற நான் முயலப்போவதில்லை. இந்த 11 ஆண்டுகளில் பலர் அப்படிச் சொல்லியிருப்பார்கள்; நீங்கள் நம்பவில்லை; நம்பாமல் இருந்ததும் நியாயமே. அழைத்த தாயிடம் போகாமல் இருந்தது தவறு. அந்தத் தவற்றைச் சிறியதாக்கிக் காட்டுகிற எந்த ஆறுதலும் உங்கள் மனதில் ஒட்டாது, ஏனெனில் அந்த ஆறுதலைவிட உங்கள் மனச்சாட்சி உண்மையுள்ளது. ஆகவே ‘எனக்குத் தகுதியில்லை’ என்ற உங்கள் சொல்லை மறுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, அந்தச் சொல்லுக்குப் பிறகு என்ன வருகிறது என்று மட்டும் பார்ப்போம்.

நம்முடைய வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் தகுதியுள்ளவனைக் குறிக்கும் சொல் ‘பாத்திரன்’ என்பது. பாத்திரம் என்றால் எதையேனும் ஏற்கும் கலம். அதிலிருந்தே ஏற்கத் தக்கவர் என்ற பொருளும் பிறந்தது. ‘பாத்திரம் அறிந்து பிச்சை இடு’ என்ற நம் பழமொழியிலும் இதே சொல்தான் நிற்கிறது. கொடுப்பவன் ஏமாறாதிருக்க அது நல்ல அறிவுரை. ஆனால் தேவனும் அந்தப் பழமொழியின்படியே நடக்க வேண்டும் என்று நாம் நம்மையறியாமல் எதிர்பார்க்கிறோம் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

லூக்கா 7-ஆம் அதிகாரத்தில் கப்பர்நகூம் ஊரில் படைத்தலைவனாயிருந்த நூற்றுக்கு அதிபதியைப் பற்றி, அவனுடைய நோயுற்ற வேலைக்காரனைக் குணமாக்கும்படி யூதரின் மூப்பர்கள் இயேசுவிடம் பேசுகிற இடத்தைக் கவனியுங்கள். அவர்கள் அந்தப் பழமொழியைத்தான் பேசுகிறார்கள்: அவன் நம் ஜனத்தை நேசிக்கிறான், ஜெபஆலயம் கட்டிக்கொடுத்தான், ஆகவே இந்தத் தயவுக்கு அவன் பாத்திரன். அந்த மனிதனோ, தன் சிநேகிதரை வழியிலேயே அனுப்பி, நீர் என் வீட்டு வாசலுக்குள் பிரவேசிக்க நான் பாத்திரன் அல்ல என்று சொல்லியனுப்புகிறான். இதுவரை அவனும் நீங்களும் ஒன்றே. ஆனால் அவன் அங்கே நிறுத்தவில்லை. அதே மூச்சில், ஒரு வார்த்தைமாத்திரம் சொல்லும், என் வேலைக்காரன் சொஸ்தமாவான் என்று கேட்கிறான். தகுதியின்மையைச் சொன்ன வாயே கேட்கவும் செய்தது. அதைத்தான் இயேசு, இஸ்ரவேலிலும் தாம் காணாத விசுவாசம் என்று வியந்து பேசினார். கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணை வாங்கும் முன் சபையார் அனைவரும் இந்த இரண்டு கூற்றுகளையும் சேர்த்தே சொல்கிறார்கள். முதல் பாதியோடு எவரும் வீட்டுக்குத் திரும்பிப் போவதில்லை. நீங்கள் 11 ஆண்டுகளாக முதல் பாதியை மட்டும் சொல்லி, அங்கே முற்றுப்புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

திருட்டைப்போல் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பல ஆண்டுகளாக இந்தப் பொருளைப் பற்றிக் கேட்டும் பேசியும் வருகிற எனக்கு, இவ்வளவு நேர்மையான சொல் கிடைத்ததில்லை. ஆயினும் அது சரியான சொல் அல்ல. உடையவன் கொடுக்காததை எடுப்பது திருட்டு. உடையவனே கையில் வைத்து அழுத்துவதை வாங்குவதற்கு வேறு பெயர். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தில், கிரியைகளினாலே உண்டானால் கிருபையானது கிருபையல்லவே என்று வாதிடுகிறார். தகுதியுள்ளவருக்குக் கொடுப்பது கூலி. அது நல்ல காரியமே, ஆனால் அது வேறு காரியம். எனவே, ‘தகுதி வந்த பிறகு கிருபையை வாங்குகிறேன்’ என்று காத்திருக்கும் ஒருவர், அப்படி ஒரு நாள் வந்தே விட்டாலும், அன்று வாங்கப்போவது கிருபையாக இருக்காது.

இயேசு சொன்ன உவமையில், தகப்பனின் ஆஸ்தியில் தன் பங்கை வாங்கிப்போய் அழித்துவிட்ட இளைய குமாரன் தூர தேசத்தில் இருந்தபோதே தகப்பனிடம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டான். அதில் மூன்று பகுதிகள் இருந்தன: பாவஞ்செய்தேன்; உம்முடைய குமாரன் என்று சொல்லப்படுவதற்கு நான் பாத்திரன் அல்ல; கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து சொல்லும்போது முதல் இரண்டும் வெளிவருகின்றன, மூன்றாவது வரவில்லை. அதற்குள் தகப்பன் ஊழியக்காரரை அழைத்து வஸ்திரத்தையும் மோதிரத்தையும் பாதரட்சையையும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறான். ‘நீ பாத்திரன்தான்’ என்று தகப்பன் மகனுக்கு மறுமொழி சொல்லவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? மகனின் பாவ அறிக்கையை அவன் மறுக்கவில்லை. அதிலிருந்து மகன் எடுத்த முடிவை மட்டும் முடிக்கவிடவில்லை. உங்கள் அறிக்கை உண்மை. ‘ஆகவே நான் வெளியேதான் நிற்க வேண்டும்’ என்ற முடிவைச் சொல்லும் அதிகாரம் உங்களிடம் இல்லை.

இதைத் தாழ்மை என்று நீங்கள் எண்ணியிருக்கக்கூடும். பேதுருவும் அப்படித்தான் எண்ணினார். கடைசி இரவில் இயேசு கால் கழுவ வந்தபோது, நீர் ஒருபோதும் என் கால்களைக் கழுவப்படாது என்றார். கேட்பதற்குப் பணிவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டவர் அதைப் பணிவாக எடுத்துக்கொள்ளாமல், நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை என்று கடுமையாகவே சொன்னார். தன்னைத் தாழ்த்துவதும், தன்னைப் பற்றிய தீர்ப்பைத் தானே எழுதி வைத்துக்கொள்வதும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். இரண்டாவதில் நியாயாதிபதியின் ஆசனத்தில் அமர்ந்திருப்பது நாம்தான்.

இனி உங்கள் கடிதத்தின் கடினமான வரிக்கு வருகிறேன். மன்னிக்க வேண்டியவர் கல்லறையில் இருக்கிறார் என்கிறீர்கள். இதை எளிதாகத் தாண்டிப் போகிற பிரசங்கங்கள் எனக்கு உவப்பானவை அல்ல. தாவீது ராஜா உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, அவனைப் போரில் சாகும்படி செய்த கதையில் உரியா செத்துப்போனான். தாவீதை மன்னிக்க அவனால் முடியாது, மன்னிப்புக் கேட்கவும் தாவீதுக்கு வழியில்லை. 51-ஆம் சங்கீதத்தில் தேவரீர் ஒருவருக்கே விரோதமாகப் பாவஞ்செய்தேன் என்று தாவீது சொல்லும்போது, உரியாவுக்குச் செய்தது ஒன்றுமில்லை என்று அவன் சொல்வதாக நான் படிப்பதில்லை. உரியாவைப் படைத்தவரிடத்தில்தான் இப்போது உரியாவின் வழக்கும் இருக்கிறது, வேறு எங்கும் இல்லை என்பதாகவே படிக்கிறேன். உங்கள் தாயாரும் அந்த ஒருவருடைய கைகளில்தான் இருக்கிறார். தாயாருக்கு இழைக்கப்பட்டதை மன்னிக்கும் அதிகாரமும், அதை ஈடுசெய்யும் வல்லமையும் தேவனிடம் மட்டுமே உண்டு. அந்த மன்னிப்பு நடந்ததை அழித்து எழுதுவதில்லை. மத்தேயு 1-ஆம் அதிகாரத்து வம்ச வரலாற்றில் சாலொமோனின் தாயைப் பத்சேபாள் என்று குறிப்பிடாமல், உரியாவின் மனைவியாயிருந்தவள் என்றே எழுதியிருக்கிறது. தாவீதை மன்னித்தவர் உரியாவின் பெயரைத் தம் குமாரனின் பட்டியலிலேயே வைத்திருக்கிறார். கிருபையை ஏற்றுக்கொண்டால் தாயை மறந்துவிட்டவளாகிவிடுவோம் என்ற பயம் உங்களுக்குள் இருந்தால், அது தேவையற்றது.

திருவிருந்தைப் பற்றி. 1 கொரிந்தியர் 11-இல் பவுல் எழுதியிருப்பது ‘அபாத்திரமாய்’ என்ற வினையடை. ‘அபாத்திரர் புசிக்கக்கூடாது’ என்று அவர் எழுதவில்லை. எழுதியிருந்தால் அன்று கொரிந்துவில் மட்டுமல்ல, இன்றுவரை எந்தச் சபையிலும் அப்பம் பிட்கப்பட்டிருக்காது. அவர் கண்டிப்பது புசிக்கும் விதத்தை. அதே அதிகாரத்தின் 21, 22-ஆம் வசனங்களைப் படித்தால் அந்த விதம் எது என்று தெரியும்: இருந்தவர்கள் முந்திக்கொண்டு தின்று குடித்தார்கள், இல்லாதவர்கள் பசியோடு நின்று வெட்கப்பட்டார்கள். தன்னைச் சோதித்தறிய வேண்டும் என்று 28-ஆம் வசனம் சொல்கிறது. சோதித்தறிந்த பிறகு விலகி நிற்கும்படி அது சொல்லவில்லை, புசிக்கவும் பானம்பண்ணவுமே சொல்கிறது. 11 ஆண்டுகள் சோதித்துவிட்டீர்கள், சகோதரி. இனிப் புசியுங்கள்.

ஒன்று மட்டும் மீதியிருக்கிறது. உங்கள் தங்கையைப் பற்றிக் கடிதத்தில் ஒரே ஒரு வரி எழுதி நிறுத்தியிருக்கிறீர்கள். அவர் உயிரோடு இருக்கிறார் என்றே எடுத்துக்கொள்கிறேன். வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று சொன்னது, இயேசு அவன் வீட்டில் தங்கப்போவதாக அறிவித்த பிறகுதான். நுழைவுக்கட்டணமாக அதை அவன் கட்டவில்லை. நீங்களும் தங்கையிடம் போவதைத் திருவிருந்துக்கான தகுதியாக ஆக்கிக்கொள்ள வேண்டாம். முதலில் பந்திக்குப் போங்கள், பிறகு தங்கையிடம் போங்கள். அவர் கதவைத் திறப்பாரா என்று என்னால் சொல்ல முடியாது.

கேள்வி: தகுதி பார்க்காமல் கிருபை கிடைக்கும் என்று பிரசங்கித்தால், பரிசுத்தமாய் வாழப் பாடுபடுகிறவனுக்கும் மனம்போல் நடக்கிறவனுக்கும் என்ன வேறுபாடு? இளைஞர்கள் கெட்டுப்போக மாட்டார்களா?

பதில்: இந்தக் குற்றச்சாட்டு பவுலின் காலத்திலேயே எழுந்துவிட்டது. நன்மை வரும்படிக்குத் தீமைசெய்வோம் என்று அவர் போதிப்பதாகச் சிலர் தூற்றினார்கள் என்று ரோமர் 3-ஆம் அதிகாரத்தில் அவரே எழுதுகிறார். எனவே உங்கள் கேள்வியைக் கேட்கவே வைக்காத பிரசங்கம் பவுலின் பிரசங்கம்தானா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. அவருடைய பதில் 6-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது: பாவத்துக்கு மரித்த நாம் அதிலே எப்படிப் பிழைப்போம்? மனந்திரும்புதலும் சீஷத்துவமும் இல்லாமல் பாவமன்னிப்பை மட்டும் விநியோகிப்பதை ஜெர்மானிய இறையியலாளர் தீத்ரிஷ் போன்ஹாஃபர் 1937-இல் ‘மலிவான கிருபை’ என்று கண்டித்தார். அதைக் கண்டித்தவர் கிருபைக்கு விலை வைக்கவில்லை. அதைக் கொடுக்கத் தேவனுக்கு என்ன செலவானது என்பதை நினைவூட்டினார்.

கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கையொப்பமிட்ட கூட்டறிக்கை, நம் பங்கிலுள்ள எந்தத் தகுதியாலும் இன்றிக் கிருபையினால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்றும், நம் இருதயங்களைப் புதுப்பித்து நற்கிரியைகளுக்கு ஆயத்தப்படுத்தும் ஆவியானவரைப் பெறுகிறோம் என்றும் ஒரே வாக்கியத்தில் சொல்கிறது. மார்ட்டின் லூத்தரின் சீர்திருத்தத்தோடு தொடங்கிய ஏறக்குறைய 480 ஆண்டுப் பிணக்குக்குப் பிறகு இரு தரப்பும் சேர்ந்து எழுதிய அந்த வாக்கியத்தில் நற்கிரியை இடம்பெற்றிருக்கிறது, ஆனால் இரண்டாவதாக.

உங்கள் கேள்வியில் இன்னொன்றும் கேட்கிறது, தவறாக எண்ணாதீர்கள். ‘பாடுபடுகிறவனுக்கு’ என்ற சொல்லில், முதல் பதிலில் சொன்ன அந்த உவமையின் மூத்த குமாரனின் குரல் இருக்கிறது. இத்தனை வருஷகாலமாய் உமக்கு ஊழியஞ்செய்தும் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூடத் தரவில்லையே என்று அவன் தகப்பனிடம் கணக்குக் கேட்கிறான். இளையவன் கூலிக்காரனாக வேலைக்குச் சேரத் திரும்பி வந்தான். மூத்தவனோ வீட்டைவிட்டுப் போகாமலே கூலிக்காரனாகிவிட்டிருந்தான். தகப்பன் இருவரையும் தேடி வீட்டுக்கு வெளியே வர வேண்டியிருந்தது.

கேள்வி: எனக்கு 22 வயது. ஒரே பாவத்தை ஒரு நாளைக்குப் பத்து முறைக்கு மேல் அறிக்கையிடுகிறேன். ஜெபத்தில் ஒரு சொல் தவறினாலும் முதலிலிருந்து தொடங்குகிறேன். இரவு 2 மணிவரை இப்படியே போகிறது. கிருபையை நான் சரியாக ஏற்றுக்கொள்ளவில்லையோ என்ற பயம்தான் காரணம். (இதைத் தொடர்ந்து ஏழு கேள்விகளை வரிசையிட்டிருக்கிறார்.)

பதில்: அன்புள்ள தம்பி, இந்தத் துன்பம் விசுவாசக் குறைவால் வருவதல்ல, மிகவும் அறியப்பட்ட தேவ மனிதர் சிலருக்கும் வந்திருக்கிறது. 1505-இல் எர்ஃபுர்ட் நகரத்து மடத்தில் சேர்ந்த மார்ட்டின் லூத்தர், மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்துவிட்டு, வெளியே வந்ததும் இன்னொன்று நினைவுக்கு வரத் திரும்பி ஓடியவர். அவருடைய மேலாளரான ஸ்டாபிட்ஸ், உன் பாவங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்று அவரைத் திருப்பினார். இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா 1522-இல் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது, ஏற்கெனவே அறிக்கையிட்ட பாவங்களையே மறுபடி மறுபடி அறிக்கையிட்டு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்வரை போனார். கடைசியில், கடந்தவற்றை இனி எவரிடமும் அறிக்கையிடுவதில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே அவருக்கு விடுதலை வந்தது. இத்தகைய மனவேதனைக்கு மேலைச் சபை வழங்கிய இலத்தீன் பெயருக்குக் ‘கூரான சிறு கல்’ என்று பொருள். செருப்புக்குள் கிடக்கும் கல்லைப்போல, நின்றாலும் நடந்தாலும் அது குத்தும்.

லூத்தர் இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, 1546 பிப்ரவரி 16 அன்று, ஒரு தாளில் எழுதிய குறிப்பு, நாம் பிச்சைக்காரர்கள், இது உண்மை என்று முடிகிறது. சரியாக ஏற்றுக்கொண்டேனா என்று அவர் அப்போது தன் கைகளைச் சோதித்துக்கொண்டிருக்கவில்லை. பிச்சை வாங்குகிறவன் கையை எப்படி நீட்டினான் என்பதற்கு மதிப்பெண் போடுவார் இல்லை. பாத்திரத்தில் ஓட்டையும் நசுங்கலும் இருப்பதை அறிந்தும் இடுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்பதே நற்செய்தி. நீட்டும் விதத்தைச் செம்மையாக்கிக்கொண்டே இருந்தால் அதுவும் ஒரு கிரியையாகிவிடும்.

ஆனால் இந்த விளக்கத்தால் மட்டும் உங்கள் இரவுகள் சரியாகிவிடும் என்று நான் எண்ணவில்லை. வேண்டாம் என்று நினைத்தும் திரும்பத் திரும்ப வரும் எண்ணமும், அதைத் தணிக்கத் திரும்பத் திரும்பச் செய்யும் செயலும் சேர்ந்து வாழ்க்கையை இப்படி விழுங்குவதை மருத்துவர்கள் எண்ணச் சுழற்சி நோய் என்பார்கள். ஓசிடி என்ற பெயரை நீங்கள் கேட்டிருக்கலாம். அது பக்தியின் உடையிலும் வரும். நடத்தைப் பயிற்சியாலும் மருந்தாலும் குறையக்கூடியது. உங்களுக்கு இருப்பது அதுதானா என்பதை ஒரு மனநல மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். கடிதத்தைப் படித்து நான் சொல்லக்கூடாது. இந்த வாரமே போங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால், அந்த நேரத்திலேயே வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லுங்கள். மருத்துவரிடம் போவதால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று எவராவது சொன்னால், கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்று அழைத்திருக்கும் இடத்தைக் காட்டுங்கள்.

அதுவரை ஒரு பயிற்சி: ஒரு பாவத்தை ஒரு முறை அறிக்கையிடுங்கள், தடுமாறிய சொல்லோடே ஆமென் சொல்லுங்கள், எழுந்து விளக்கை அணையுங்கள். பயம் உடனே போகாது. போகாமலே படுத்துக்கொள்ளுங்கள். நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்த்தாலும் தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவர் என்று யோவான் எழுதியிருப்பது, இருதயம் இன்னும் அடங்காதவர்களுக்காகத்தான்.

நீங்கள் வரிசையிட்ட ஏழு கேள்விகளுக்கும் நான் பதில் எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று எண்ணி மறுபடி எழுத வேண்டாம். அவற்றுக்குப் பதில் எழுதினால் நாளைக் காலைக்குள் எட்டாவது பிறந்துவிடும் என்று தெரிந்தே விட்டிருக்கிறேன். அந்தத் தாளை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவருக்கு அது பயன்படும்.